கொடியடுப்பும் மோட்டார் வண்டியும்

நம் நாட்டு இல்லங்களிற் பண்டுதொட்டு வழங்கிவந்த அடுப்புக்களுள் கொடியடுப்பு என்பதும் ஒன்று. விறகெரியும் பேரடுப்பின் பக்கச் சுவரில் ஒரு வழி திறந்து, அவ்வழியே செல்லும் அனலும் வெம்புகையும் அடுத்துள்ள சிற்றடுப்பின் வாயிற் சென்று சேருமாறு களிமண்ணால் அமைப்பர். பேரடுப்பிலே சோறு கொதிக்கும். கொடியடுப்பிலே வெந்நீரேனும் பாலேனும் காயும். கொடியடுப்பிற்கென்று தனியே ஒரு சுள்ளியும் இடுவதில்லை. பேரடுப்பிற்குப் பயன்படாது கூரை வழியே போகவிருந்த வெப்பமே அதற்கு எரிபொருள். இதனை அமைத்த கைகள் பொறியியல் பயின்ற கைகள் அல்ல. அன்றாடம் விறகின் அருமை அறிந்த இல்லத்தரசியரின் கைகளே.

இவ்வெளிய அடுப்பினுள் அடங்கிய கருத்து யாது? ஒரு வேலைக்காக மூட்டிய தீயில், அவ்வேலைக்குப் போக எஞ்சுவதை மற்றொரு வேலைக்குக் கொள்க என்பதே. இக்கருத்தையே உலகின் பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகள் பெரும்பொருள் செலவிட்டு ஆராய்ந்து வந்திருக்கின்றன. மோட்டார் வண்டியின் எஞ்சினும் ஓர் அடுப்பன்றோ? அதன் தீயிலும் பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வீணாகின்றதன்றோ? அதனைத் திரும்பப் பெற்றால் பெட்ரோற் செலவு குறையாதோ? இவ்வினாக்களுக்கு இயன்றவரை விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கன் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். தகும் என்பதே என் துணிபு. பாகூரில் முற்காலத்தே ஒரு வித்தியாஸ்தானம் இருந்ததென்பதும், பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டில் மூன்று சிற்றூர்கள் அதற்கு அளிக்கப்பட்டன என்பதும் பாகூர்ச் செப்பேடுகளால் விளங்கும். ஊர் வருவாயைக் கொடுத்துக் கல்வி வளர்த்தவர்கள், அக்கல்வியின் பயன் ஒருநாள் ஊருக்கே மீளும் என்றுதான் கருதியிருத்தல் வேண்டும். அன்றியும், ஒரு துறையின் உண்மைகள் மக்கள் மொழியிற் கிடையாதவிடத்து, அத்துறையின் பெயராற் பொய் விற்போர்க்கு வாய்ப்பு மிகும். அத்தகைய பொய் ஒன்றைப் பின்னர்க் கூறுவேன்.

1. எரிபொருளின் ஐந்தொகை

வணிகர் ஆண்டிறுதியில் வரவும் செலவும் நிறுத்து ஐந்தொகை எடுப்பது போல, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கும் நாம் ஐந்தொகை எடுத்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியுங்கால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி. நம் இல்லங்களில் மின்கட்டணச் சீட்டிற் காணும் ‘யூனிட்’ என்பதும் இதுவே. எனவே ஒரு லிட்டர் பெட்ரோலினுள் ஒன்பது யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கின்றது எனலாம்.

இவ்வொன்பதும் சக்கரத்தைச் சென்று சேருமோ எனின், சேராது. எஞ்சின் நன்றாக உழைக்கும் நிலையிலேயே, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சுழல்தண்டை அடைகின்றது. மற்றொரு மூன்றிலொரு பங்கு எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிற் கலந்து, ரேடியேட்டர் வழியே காற்றிற் போகின்றது. எஞ்சிய மூன்றிலொரு பங்கு புகையோடு சைலென்சர் வழியே வெளியேறுகின்றது. இது நல்ல நிலையின் கணக்கு. கடைத்தெருவில் நின்றும் நகர்ந்தும் செல்லுங்கால், பயன்படும் பங்கு நான்கில் ஒன்றாகவும் அதனினும் குறைவாகவும் தாழும். டீசல் எஞ்சின் இதனினும் சிறிது மேம்பட்டது. ஆயினும் அதுவும் தன் எரிபொருளில் பாதிக்கு மேல் வெப்பமாகவே இழக்கின்றது.

இவ்விழப்புப் பழைய எந்திரங்களில் இன்னும் பெரிதாயிருந்தது. விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1879ஆம் ஆண்டில். வில்லியனூர் வழியே அந்நாளில் ஓடிய நீராவி எஞ்சின் வகைகள், எரித்த கரியின் ஆற்றலிற் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயனாகத் தந்ததில்லை. அதனை நோக்க, மூன்றில் ஒரு பங்கைப் பயனாக்கும் இற்றைநாள் எஞ்சின் பெரிதும் முன்னேறியதே. எனினும் கச்சா எண்ணெயில் 100க்கு 80 பங்கிற்கு மேல் வெளிநாட்டினின்று வாங்கும் நம் நாட்டிற்கு, எஞ்சிய மூன்றில் இரு பங்கும் கண்ணை உறுத்தாமல் இராது.

2. ஏரியும் வெப்பமும்

வீணாகும் வெப்பம் அவ்வளவையும் மீட்டுவிடலாமோ? ஈண்டுத்தான் இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது. அவ்வெல்லையை முதன்முதற் கண்டவர் சாதி கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். அவர் தம் 28ஆம் வயதில், 1824ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் வெளியிட்ட சிறு நூலில், வெப்பத்தினாற் பெறும் வேலையை நீர்வீழ்ச்சியினாற் பெறும் வேலையோடு ஒப்பிட்டார். 1832இல் வாந்திபேதி நோயால் அவர் மறைந்தபொழுது அந்நூலின் பெருமையை உணர்ந்தோர் மிகச் சிலரே.

அவர் கூறிய உவமையை நம் ஊர்க் காட்சியிற் பொருத்திப் பார்ப்போம். தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை அடைகின்றது. ஏரி நிறைந்து நீர்மட்டம் உயர்ந்து நின்றால், மதகைத் திறந்தவுடன் நீர் விசையோடு பாயும். அங்கே ஒரு சக்கரத்தை வைத்தாற் சுழலும். ஏரி வற்றி, நீர்மட்டமும் வயல்மட்டமும் ஒன்றையொன்று நெருங்கினால், நீர் மிகுந்திருப்பினும் விசையிராது. நீரின் அளவு மட்டும் போதாது, உயரமும் வேண்டும். வெப்பத்திற்கும் அவ்வாறே. வெப்பத்தின் அளவு எத்துணை பெரிதாயினும், அதன் வெம்மைக்கும் சுற்றுப்புற வெம்மைக்கும் உள்ள வேற்றுமை சிறிதாயின், அதனினின்று பெறத்தகும் வேலையும் சிறிதே.

உவமைக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை மறத்தலாகாது. மேலிருந்து விழும் நீர் கீழே வந்தபின்னும் அளவிற் குறைவதில்லை. வெப்பமோ, வேலையாக மாறிய அளவிற்குக் குறைந்துவிடும். இதனைக் கார்னோ தம் நூலில் அறிந்திலர். அவர்க்குப் பின்வந்தோர் தெளிவாக்கினர். ஆயினும் அவர் கண்ட எல்லை மட்டும் இன்றுவரை மாறாது நிற்கின்றது.

அவ்வெல்லையைக் கணக்கிடுதல் எளிது. செல்சியஸ் அளவோடு 273ஐக் கூட்டித் தனிவெப்பநிலையைப் பெறுக. சூடான இடத்திற்கும் குளிர்ந்த இடத்திற்கும் உள்ள வேற்றுமையைச் சூடான இடத்தின் தனிவெப்பநிலையால் வகுக்க. கிடைப்பதே வேலையாகத் தகும் மிகப் பெரும் பங்கு. நம் பகுதியிற் பகற்காலக் காற்றின் வெம்மை 33 டிகிரி எனக் கொள்வோம். ரேடியேட்டர் நீரின் வெம்மை ஏறத்தாழ 90 டிகிரி. வேற்றுமை 57, தனிவெப்பநிலை 363. ஆகவே 100க்கு 16 பங்கிற்கு மேல் எவராலும் எக்கருவியாலும் வேலையாக்க இயலாது. புகையின் வெம்மை 500 டிகிரி எனின், வேற்றுமை 467, தனிவெப்பநிலை 773, எல்லை 100க்கு 60. ஆனால் வெப்பத்தை எடுக்க எடுக்கப் புகை குளிர்ந்துகொண்டே வருமாதலின், அதற்கும் இடங்கொடுத்துக் கணக்கிட்டால் எல்லை 100க்கு 39 அளவிற்கு இறங்கும். இதுவும் குறையற்ற கருவி ஒன்று உண்டாயிற் பெறத்தகுவது. மெய்யான கருவிகள் இதில் ஒரு சிறு பகுதியையே தரும்.

இதனால் ஓர் உண்மை விளங்கும். எஞ்சினின் இரு கழிவுகளும் அளவில் ஏறத்தாழ ஒத்தனவாயினும் மதிப்பில் ஒத்தன அல்ல. புகையின் வெப்பம் நிறைந்த ஏரி. ரேடியேட்டர் நீரின் வெப்பம் வற்றிய ஏரி.

3. அறிஞர் கண்ட வழிகள்

வீணாகும் வெப்பத்தை மீட்க இதுவரை மேற்கொண்ட வழிகளுள் முதன்மையானவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, டர்போ என வழங்கும் புகைவிசைக் காற்றழுத்தி. சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரெட் பியூக்கி என்பார் 1905இல் இதற்கு உரிமம் பெற்றார். வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மற்றொரு விசிறி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். அதனாற் சிறிய எஞ்சினே பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். நம் சாலைகளில் ஓடும் லாரிகளிலும் டீசற் கார்களிலும் இன்று இது மிக இயல்பான உறுப்பு. வீணாகும் புகையாற்றலை மீட்கும் கருவிகளுள் உலகெங்கும் வெற்றி கண்டது இதுவே எனலாம்.

இரண்டாவது, அப்புகை விசிறியைப் பற்சக்கரங்கள் வாயிலாகச் சுழல்தண்டோடே இணைத்தல். 1950களில் ஏர் இந்தியா பறக்கவிட்ட சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களின் ரைட் எஞ்சின்களில் இத்தகைய மூன்று விசிறிகள் இருந்தன. எஞ்சின் ஒன்றிற்கு ஏறத்தாழ 500 குதிரைத்திறனை அவை புகையினின்று மீட்டன. சுவீடன் நாட்டு ஸ்கானியா நிறுவனம் 1991இல் இம்முறையை லாரிக்குக் கொண்டுவந்தது. 2014 முதல் 2025 வரை ஃபார்முலா ஒன் பந்தய வண்டிகளில், புகை விசிறியோடு ஒரு மின்னாக்கியை இணைத்திருந்தனர். அத்தகைய எஞ்சின் ஒன்று ஆய்வுமேடையில் 100க்கு 50 பங்கிற்கு மேற் பயன் தந்ததாக 2017இல் மெர்சிடிஸ் நிறுவனம் அறிவித்தது. எனினும் அதன் செலவும் சிக்கலும் மிகுதியாயினமையின், 2026ஆம் ஆண்டு விதிகளில் அவ்வுறுப்பு விலக்கப்பட்டது.

மூன்றாவது, புகையால் நீரையோ வேறு நீர்மத்தையோ ஆவியாக்கி, அவ்வாவியால் ஒரு சிறு பொறியை ஓட்டுதல். இது நீராவி எஞ்சினின் மறுபிறவி. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2005இல் ‘டர்போஸ்டீமர்’ என்னும் பெயரால் இதனை வெளியிட்டு, எரிபொருட் செலவு 100க்கு 15 பங்குவரை குறையும் என்றது. ஆயினும் அது விற்பனைக்கு வந்த கார்களில் இடம்பெறவில்லை. அமெரிக்காவில் 2010 முதல் அரசின் துணையோடு நடந்த ‘சூப்பர் டிரக்’ ஆராய்ச்சியில், கம்மின்ஸ் நிறுவனம் இம்முறையை நெடுந்தொலைவு லாரி எஞ்சினோடு இணைத்து, எஞ்சினின் பயனை 100க்கு 50 பங்கிற்கு மேல் உயர்த்திக் காட்டியது.

நான்காவது, வெப்பத்தினின்று நேரே மின்சாரம் எடுத்தல். இருவேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் நிகழும் விளைவை 1821இல் ஸீபெக் என்னும் அறிஞர் கண்டார். அசையும் உறுப்பு ஒன்றும் இன்மையாற் பழுதுறுதல் அரிது. 1977இல் விண்ணிற் செலுத்தப்பட்ட வாயேஜர் கலங்கள் இம்முறையால் மின்சாரம் பெற்றே கதிரவ மண்டலத்தின் வெளிக்கோள்களைக் கடந்தும் செய்தி அனுப்பின. ஆயினும் இதன் பயன் பெரும்பாலும் 100க்கு 5 பங்கை ஒட்டியதே. கார்களில் இதனைப் பொருத்தி ஆராய்ந்தோர் பெற்றது சில நூறு வாட் மின்சாரம்.

ஐந்தாவது, வெப்பத்தை வேலையாக்காது வெப்பமாகவே கொள்ளுதல். டொயோட்டா நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் வண்டியில், புகையின் வெப்பத்தைக் கொண்டு குளிர்ந்த எஞ்சினை விரைவிற் சூடேற்றும் அமைப்பு உண்டு. பனி பொழியும் நாடுகளில் இது மிக்க பயன் தருவது. மார்கழிக் காலையிலும் பனிக்கட்டி காணாத நம் பகுதியில் இதன் தேவை சிறிதே. ஒரு நாட்டிற்கு ஏற்றது மற்றொரு நாட்டிற்கும் அவ்வாறே ஏற்கும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

4. காரைக்காலிற் காணும் பெருங்கொடியடுப்பு

இவையெல்லாம் கடல்கடந்த நாட்டுச் செய்திகள் என எண்ண வேண்டா. நம் புதுச்சேரி மாநிலத்திலேயே இக்கருத்து நிலைபெற்ற ஓரிடம் உண்டு. அது காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில், புதுச்சேரி மின்திறல் குழுமம் 2000ஆம் ஆண்டில் இயக்கத்திற்குக் கொணர்ந்த எரிவாயு மின்நிலையம். காவிரிப் படுகையிற் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை எரித்து, 22.9 மெகாவாட் திறனுள்ள ஒரு வாயுச் சுழலியை ஓட்டுமாறு அஃது அமைக்கப்பட்டது. அச்சுழலியினின்று வெளியேறும் கொடிய வெப்பமுடைய புகையை வானிற் போகவிடாது, ஒரு கொதிகலத்தினூடே செலுத்தி நீராவி ஆக்குவர். அந்நீராவி மற்றொரு சுழலியை ஓட்டும். அதன் திறன் 9.6 மெகாவாட். இரண்டுஞ் சேர்ந்து 32.5 மெகாவாட்.

இவ்வெண்களைச் சிறிது ஊன்றி நோக்குக. இரண்டாம் சுழலிக்கெனத் தனியே ஒரு பிடி எரிவாயுவும் எரிப்பதில்லை. முதற்சுழலி தள்ளிய கழிவே அதன் உணவு. ஆயினும் முதற்சுழலி தருவதிற் 100க்கு 42 பங்கு அளவு மிகையாகக் கிடைக்கின்றது. கொடியடுப்பே இது, களிமண்ணிற்கு மாற்றாக உருக்கு, சுள்ளிக்கு மாற்றாக எரிவாயு. வேறொன்றும் வேற்றுமையில்லை.

அங்ஙனமாயின், காரைக்காலிற் கைகூடியது காரிற் கைகூடாமை என்னை? காரணங்கள் பல. மின்நிலையம் ஓரிடத்தில் நிற்பது. அதன் கொதிகலம் எத்துணைப் பளுவாயினும் அதனை எவரும் இழுத்துச் செல்ல வேண்டா. காரோ தன் கருவியைத் தானே சுமந்து செல்லவேண்டும்; சுமையேறின் எரிபொருளும் ஏறும். மின்நிலையத்தின் சுழலி நாள்முழுதும் ஒரு சீராக ஓடவல்லது. கார் எஞ்சினோ நொடிக்கு நொடி வேகம் மாறுவது. நிலையத்தில் ஆவியைக் குளிர்விக்க நீருண்டு. காரில் அதற்கும் ஒரு ரேடியேட்டர் வேண்டும். புகை செல்லும் வழியில் எதனை வைத்தாலும் அஃது எஞ்சினின் மூச்சைச் சற்றே அடைக்கும். இவையெல்லாம் கழித்து எஞ்சுவதே ஆதாயம்.

5. நம் சாலையின் கணக்கு

வில்லியனூரினின்று புதுச்சேரி நகரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளும் ஒருவர் சிறு கார் ஒன்று வைத்திருக்கின்றார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர், மாதத்திற்கு 600. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் எனின், மாதச் செலவு 33 லிட்டர். புகையினின்று மின்சாரம் எடுக்கும் கருவியால் 100க்கு 3 பங்கு மிச்சமாவதாகக் கொள்வோம். இது தாராளமான மதிப்பீடே. ஏனெனிற் குறுகிய வழியில் எஞ்சினும் புகைக்குழாயும் நன்கு சூடேறுமுன்னரே ஊர் வந்துவிடும். அங்ஙனங் கொண்டாலும் மிச்சமாவது மாதத்திற்கு ஒரு லிட்டர். அதன் பொருட்டுப் பல்லாயிரம் ரூபாய் பெறும் கருவியை வாங்குதல், பழஞ்சோற்றைக் காப்பதற்குப் பூட்டும் சாவியும் வாங்கிய கதையாகும்.

இனி, அதே மூன்று பங்கை நெடுந்தொலைவு செல்லும் சரக்கு லாரியில் வைத்துப் பார்ப்போம். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் எனின், 100 லிட்டர் டீசல். மிச்சமாவது நாளொன்றுக்கு 3 லிட்டர். மாதத்தில் 25 நாள் ஓடினால் 75 லிட்டர். வீதம் ஒன்றே, விளைவோ எழுபத்தைந்து மடங்கு. லாரியின் எஞ்சின் மணிக்கணக்கில் ஒரே சீராக உழைப்பதால், அதனினும் மேலான முறைகளைப் பொருத்தவும் இடமுண்டு. ஆராய்ச்சியாளர் பலர் சிறு காரை விட்டு லாரியையும் கப்பலையும் நோக்கிச் சென்றமைக்குக் காரணம் இக்கணக்கே. பெருங்கப்பல்களிற் புகையால் நீராவி ஆக்கும் கொதிகலங்கள் நெடுங்காலமாகவே வழக்கிலுள்ளன.

சிறு கார் உடையார்க்கு வழியே இல்லையோ எனின், உண்டு. டயரிற் காற்று குறையாது வைத்தல், நெடுநேரம் நிற்குமிடத்து எஞ்சினை நிறுத்துதல், வேண்டாச் சுமையை இறக்குதல், திடீரென விரைந்து திடீரென நிறுத்தும் பழக்கத்தை விடுதல் ஆகியன ஒரு காசும் செலவின்றி மாதம் ஒரு லிட்டரினும் மிகுதியாக மிச்சப்படுத்த வல்லன. வீணான வெப்பத்தை மீட்பதைக் காட்டிலும், வீணாக்காதிருத்தல் எளிது.

மின்சார வண்டிகள் பெருகினால் இவ்வாராய்ச்சி முழுதும் வேண்டாததாகிவிடும் என்பாரும் உளர். மின்சார மோட்டார் தன் ஆற்றலிற் சிறு பங்கையே வெப்பமாக இழக்கின்றது என்பது மெய்யே. ஆயினும் அம்மின்சாரம் அனல்மின் நிலையத்தினின்று வருமாயின், ஆண்டும் எரித்த நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கழிவு வெப்பமாகவே போகின்றது. அடுப்பு காரினின்று வேற்றூர்க்கு இடம் மாறிற்றேயன்றி அணைந்துவிடவில்லை. கதிரவனாலும் காற்றாலும் பெறும் மின்சாரம் பெருகும் அளவிற்கே அவ்வடுப்பு அணையும்.

6. பொய்க் கருவியை அறியும் வகை

எம் கொம்யூனில் டெம்போ ஓட்டிப் பிழைக்கும் பெரியவர் ஒருவர். அவரிடம், தண்ணீரினின்று ஹைட்ரஜன் பிரித்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவி எனவும், பெட்ரோற் செலவு பாதியாகும் எனவும் சொல்லி ஒன்றை விற்றுச் சென்றனர். ஒரு மாத வருமானம் அதற்குப் போயிற்று. செலவு குறையவில்லை, பாட்டரிதான் கெட்டது. விற்றவர் மீண்டும் அவ்வழி வரவில்லை.

இக்கருவியின் பொய்ம்மையை உணரப் பெருங்கல்வி வேண்டா. மேற்கூறிய ஐந்தொகையே போதும். தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் பாட்டரியினின்று வருகின்றது. பாட்டரியை நிரப்புவது மின்னாக்கி. மின்னாக்கியைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது பெட்ரோல். ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிது வெப்பமாய்க் கழியும். பிரிந்த ஹைட்ரஜன் மீண்டும் எரியுங்கால், அதனைப் பிரிக்கச் செலவிட்டதினும் மிகுதியாக ஒருபோதும் தராது. தன் வீட்டுக் குடத்து நீரை எடுத்துத் தன் வீட்டுத் தொட்டியில் ஊற்றுவோன், வழியிற் சிந்தியது போக எஞ்சியதையே காண்பான். ஊற்றுநீர் ஒன்றும் புதிதாய்ப் பிறவாது.

ஆகவே எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவி என்று எவரேனும் கொண்டுவந்தால், அவரிடம் மூன்று வினாக்கள் வினவுக. இது மீட்கும் ஆற்றல் எங்கே வீணாகிக்கொண்டிருந்தது? அவ்வெப்பத்தின் வெம்மை எவ்வளவு? மீட்டதைக் கருவியின் விலையோடும் சுமையோடும் ஒப்பிட்டால் மிஞ்சுவது என்ன? மெய்யான கருவி செய்தோர் இம்மூன்றிற்கும் எண்ணோடு விடை கூறுவர். பொய்க் கருவி விற்போர் முதல் வினாவிலேயே பேச்சை மாற்றுவர்.

7. வெப்பத்தை வெப்பமாகவே கொள்ளுதல்

இதுகாறும் கூறியவற்றால், நம் கொம்யூன்களுக்கு இத்துறையில் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று முடித்துவிடலாகாது. கொடியடுப்பை மீண்டும் நோக்குக. அது வெப்பத்தை வேலையாக மாற்ற முயலவில்லை. வெந்நீர் காய்ச்சவே கொண்டது. கார்னோ வகுத்த எல்லை வெப்பத்தை வேலையாக்குவார்க்கே உரியது. வெப்பத்தை வெப்பமாகவே கொள்வார்க்கு அத்தடையில்லை. வேலைக்காகாத வற்றிய ஏரி எனக் கூறிய ரேடியேட்டர் வெப்பமும் உலர்த்துவதற்கு ஆகும்.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. சொர்ணவாரி அறுவடை மழையிற் சிக்குங்கால் உழவர் படும் துயரை அவ்வூரார் நன்கறிவர். ஈரப்பதம் 100க்கு 17 பங்கிற்கு மேற்பட்ட நெல்லை அரசுக் கொள்முதல் விதி ஏற்பதில்லை. நெல்லைச் சாலையிற் பரப்பி வெயிலை எதிர்நோக்குவர். மழைவரின் வாரிக் குவித்துத் தார்ப்பாய் மூடுவர். மூடிய குவியலிற் சூடேறி நெல் முளைக்கும், நிறம் மாறும். நெல் காயும் அச்சாலையிலேயே, தன் எரிபொருளின் மூன்றில் இரு பங்கை வெப்பமாக வீசியெறிந்துகொண்டு வண்டிகள் விரைகின்றன.

ஓடும் வண்டியின் வெப்பத்தை நெல்லிற்குக் கொண்டுவரல் இயலாது. ஆனால் ஓரிடத்தில் நின்று ஓடும் எஞ்சின்கள் உள்ளன. மின்தடைக் காலத்தில் அரிசியாலையில் ஓடும் டீசல் மின்னாக்கி அவற்றுள் ஒன்று. மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் எரிக்கும் எஞ்சினின் உள்ளாற்றல் ஏறத்தாழ 25 கிலோவாட். சுழல்தண்டிற்கு 8 போக, 17 கிலோவாட் வெப்பம் எஞ்சும். அதிற் 10 கிலோவாட்டைப் பிடிப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ ஈரத்தைப் போக்க, வழியில் வீணாவதையும் சேர்த்து, 5 மெகாஜூல் வேண்டும் எனின், மணிக்கு 7 கிலோ ஈரம் போகும். 100க்கு 22 பங்கு ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17 பங்கிற்குக் கொண்டுவரப் போக்க வேண்டியது 60 கிலோ. அது 9 மணி நேரத்திற்குள் முடியும். இதற்கென்றே எஞ்சினை ஓட்டுதல் அறிவுடைமையன்று. வேறு வேலைக்காக ஏற்கெனவே ஓடுமிடத்து, ஓரிரவில் ஒரு டன் நெல் செலவின்றிக் காயும் என்பதே கருத்து.

இதற்கு அரிய கருவி ஒன்றும் வேண்டா. ரேடியேட்டர் விசிறி தள்ளும் வெப்பக்காற்றை ஒரு மரப்பெட்டி வழியே நெற்படுக்கையின் அடியிற் செலுத்தினாற் போதும். புகையின் வெப்பத்தையுங் கொள்ள விரும்பின், புகை ஒரு குழாயினுள்ளும் தூய காற்று அக்குழாயின் புறத்தும் செல்லுமாறு அமைத்தல் வேண்டும். புகையை நேரே நெல்லிற் படவிடுதல் கூடவே கூடாது. அதிலுள்ள கரியும் நச்சுப்பொருள்களும் உணவிற் சேர்ந்துவிடும். காற்றின் வெம்மையும் 45 டிகிரியை ஒட்டி நிற்றல் நன்று; மிகின் அரிசி வெடித்து, அரைவையில் நொய்யாகும். விசிறியின் வழியை அடைத்து எஞ்சினைச் சூடேறவிடாமையும் வேண்டும். இவற்றை முறையாக அளந்து காணத்தக்க இடம் நம் கல்லூரிகளின் பௌதிகச் சாலைகளே. வெப்பமானி இரண்டும் தராசு ஒன்றும் இருப்பின், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் எவரும் இவ்வாய்வைச் செய்யலாம்.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் தெளிவானவை இவை. எஞ்சின் எரிக்கும் ஆற்றலிற் பெரும்பங்கு வெப்பமாய்க் கழிவது உண்மை. அதனை முற்றும் மீட்க இயற்கை இடந்தராது. மீட்கத்தகுவதும் இடத்திற்கு ஏற்ப வேறுபடும். மின்நிலையத்தில் அது பெரும்பயன். லாரியிலும் கப்பலிலும் நற்பயன். வில்லியனூர்ச் சிறு காரில் மாதம் ஒரு லிட்டர். கழிவு வெப்பத்தை வேலையாக்கப் பாடுபடுவதினும், வெப்பம் வேண்டி நிற்கும் இடத்தை அதன் அருகே கொணர்தல் பலவிடத்தும் எளிது.

கொடியடுப்பின் அருமையும் அதிலேயே உள்ளது. பேரடுப்பின் பக்கத்திலே மற்றொரு பானையை வைக்கவேண்டும் என்று ஒருவர்க்குத் தோன்றியமையே அதன் சிறப்பு. நம் ஊர்களில் எந்த அடுப்பின் பக்கத்தில் எந்தப் பானையை வைக்கலாம் என்று தேடிக் காண்பது, ஈண்டுக் கற்று ஊர் மீளும் நம் போல்வார் கடனாகும்.